சுவரில் போய் முட்டிய பாதை

அந்தச் செவ்வாய்க்கிழமை முற்பகல் முன் ஹாலில் இருந்தவர்களும் அவரவர் உட்கார்ந்திருந்த இடமும் வருமாறு. வாசலைப் பார்த்த பிரம்பு நாற்காலியில், மடியில் கோப்புடன், அண்ணன். குடிநீர் வாரியத்தில் பதிவறை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர், குடும்பத்துக் கடிதங்கள் அத்தனையும் அவர் கைவண்ணம். சோபாவின் ஒரு முனையில் அண்ணி, மறுமுனையில் பக்கத்து வீட்டுப் பல் மருத்துவர். நடுவில் யாரும் உட்கார்ந்துவிடாதபடி பிஸ்கட் தட்டு. ஜன்னலோர முக்காலியில், சீருடையைக்கூடக் கழற்றாமல், அரை நாள் விடுப்பில் வந்திருந்த பஸ் ஓட்டுநர். அண்ணனுக்கு இவர் தங்கை மாப்பிள்ளை. விருந்தாளிகளுக்கென்று துடைத்து வைத்த இரண்டு நல்ல நாற்காலிகளில் ஒன்றில் நகராட்சி மரபுக் குழுவின் குறிப்பாளர். மற்றொன்று காலி, அதில் உட்கார வேண்டிய கட்டட நிபுணர் அம்மாள் வந்ததிலிருந்து உட்காரவே இல்லை. கடைசியாக, தையல் அறை வாசலில், மெஷினுக்கு முன்னால் போடும் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, சின்னவள்.

சின்னவள் என்றதும் வயதில் சின்னவள் என்று நினைத்துவிட வேண்டாம். ஐம்பதைத் தாண்டியவள், ஓட்டுநரின் மனைவி. அண்ணனுக்குப் பின்னால் பிறந்த ஒரே குற்றத்துக்காக அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்கள்கூட ‘சின்னவ கடை’ என்றுதான் சொல்வார்கள். அவள் ஸ்டூலை அறை வாசலில் குறுக்கே போட்டிருந்ததற்கும் காரணம் உண்டு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அந்த வேலையைத்தான் அந்தக் குடும்பம் சென்ற வாரம் செய்து முடித்திருந்தது. சோறு இன்னும் காயவில்லை.

விஷயம் இதுதான். இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவே, நகரம் தன் எல்லைக்கு வெளியே கால் நீட்டத் தொடங்கிய காலத்தில், அந்தத் தெருவில் ஒரே அச்சில் வார்த்ததுபோல் ஆறு பங்களாக்கள் எழுந்தன. பங்களா என்றால் மாட மாளிகை இல்லை. ஒற்றைத் தளம், புருவம்வரை இழுத்துவிட்ட தொப்பிபோலத் தாழ்ந்த ஓட்டுக் கூரை, குட்டையும் தடியுமான தூண்களோடு ஒரு வராந்தா, தெருவைப் பார்த்து வயிறு தள்ளி நிற்கும் ஒரு ஜன்னல். அப்பா யாரிடமோ வாங்கி, பிள்ளைகள் இருவருக்கும் பொதுவாக விட்டுப்போன வீடு. இப்போது தெருக்கோடி பஸ் டிப்போவுக்கு இடம் போதவில்லையாம். ஆறு வீட்டையும் எடுத்துக்கொள்ளப் போவதாக அறிவிப்பு வந்துவிட்டது.

“என் டிப்போவே என் வீட்டு மேல ஏறப் போகுது,” என்றார் ஓட்டுநர் அன்று. “நான் பஸ்ஸைக் கொண்டுபோய் நிறுத்துற இடம் நம்ம சமையலறையா இருக்கும். ஒருவகையில வசதிதான். இறங்கினதும் சாப்பாடு.”

யாரும் சிரிக்கவில்லை. தப்பிக்க இருந்தது ஒரே வழி: மரபுப் பட்டியல். வீட்டுக்கு மரபு மதிப்பு உண்டென்று நகராட்சிக் குழு ஏற்றுக்கொண்டால் அப்புறம் யாரும் அதன்மேல் கை வைக்க முடியாது. ஆறில் நான்கு வீடுகள் மாடி ஏறி முகம் மாறிவிட்டன. இவர்களுடையதும் பல் மருத்துவருடையதும்தான் பழைய முகத்தோடு மிச்சம். இவர்களுக்குக் கிடைத்தால் தனக்கும் கிடைக்கும் என்று காத்திருந்த பல் மருத்துவர், யோசனையை இலவசமாக வழங்கினார்.

“பின்தெருவுல ஒரு வீட்டைப் பட்டியல்ல சேர்க்காமத் தள்ளிட்டாங்க, தெரியுமில்ல? வெளிச் சுவரை இடிச்சு இரும்பு ஷட்டர் வெச்சதுதான் காரணம். உங்க வீட்டுல அந்தப் பக்கத்து வாசல் இருக்கே, அது பல்லுல துளை மாதிரி. அடைங்க. அடைச்சு மேல பாலிஷ் போட்டுட்டா எந்தக் கண்ணுக்குத் தெரியப் போகுது?”

அந்தப் பக்கத்து வாசல்தான் சின்னவளின் கடை வாசல். கல்யாணமான புதிதில் அவள் ஹாலிலேதான் தைத்துக்கொண்டிருந்தாள். அளவு கொடுக்க வருகிற பெண்கள் அண்ணனின் செய்தித்தாளையும் அண்ணியின் கண்ணையும் தாண்டி வர வேண்டும். “போன தடவையைவிட இடுப்பு கொஞ்சம் கூடிருச்சு போல,” என்று அண்ணி அன்பாகச் சொல்லுவாள். அந்த வாடிக்கை அத்தோடு சரி. பக்கத்தில் பழைய பெட்டிகள் போட்டு வைத்திருந்த சிறு அறை ஒன்று இருந்தது. அதன் பக்கச் சுவரை ஒருநாள் ஓட்டுநர் கடப்பாறையால் உடைத்து, கதவு வைத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து அவளுக்கென்று ஓர் அறை, ஓர் அழைப்புமணி, ஒரு சின்னப் பலகை. யார் வந்தார்கள் போனார்கள் என்று ஹாலுக்குத் தெரியாது. ஓட்டுநருக்கோ அது வாழ்நாள் சாதனை. “காலைல கடப்பாறையை எடுத்தேன், மதியச் சாப்பாட்டுக்குக் கை கழுவிட்டேன். அளவுகோலே தொடலை. எல்லாம் கண்ணளவு. கடையில வாங்கின கதவு ஒரு சீவல்கூடச் சீவாம கச்சிதமா உட்கார்ந்துச்சு!” என்பதை அந்தத் தெருவில் கேட்காதவர்கள் இல்லை.

அந்த வாசலைத்தான் போன வாரம் செங்கல் வைத்து அடைத்தார்கள். சின்னவள் முதலில் மாட்டேன் என்றாள்.

“வீடே போச்சுன்னா வாசலை மட்டும் எடுத்து இடுப்புல செருகிக்குவியா?” என்றார் அண்ணன். “கொஞ்ச நாள் பொறும்மா. பட்டியல்ல ஏறட்டும். ஏறின மறுமாசமே உடைச்சுத் திறந்துக்கலாம். நான் பொறுப்பு.”

அண்ணன் பொறுப்பு என்றால் பொறுப்புதான். அவள் தலையாட்டினாள். கதவைக் கழற்றிப் பின்கட்டில் சாய்த்துவிட்டு, கொத்தனாரைக் கூப்பிட்டு அடைத்து, பூசி, பழைய சுண்ணாம்பு நிறத்துக்கு நெருங்கிய சாயம் ஒன்றை அடித்தார்கள். உள்ளே பெரிய துணி அலமாரியை அணைத்து வைத்தார்கள். வெளியே பூந்தொட்டிகள். அண்ணன் தம் அழகான கையெழுத்தில், ‘மேற்படி வீட்டில் கட்டிய நாள் முதல் இன்றுவரை யாதொரு மாற்றமும் செய்யப்படவில்லை’ என்று விண்ணப்பத்தில் எழுதி, இருவர் பேரிலும் கையெழுத்தாகி, அது போயும் போய்விட்டது.

இதற்குள் ஹால் வழியாக வந்த வாடிக்கைகளில் பாதி கழன்றுவிட்டது. ஒரு பள்ளி ஆசிரியை அளவு கொடுக்கக் கையைத் தூக்கியபோது அண்ணன் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து தும்மினார். அந்த அம்மாள் தூக்கிய கையாலேயே கும்பிடு போட்டுவிட்டுப் போனவள்தான்.

இப்போது வீட்டை மதிப்பிட வந்த நிபுணர் அம்மாள் அதைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். கையில் டார்ச் விளக்கு, கழுத்தில் கயிற்றில் தொங்கும் மூக்குக் கண்ணாடி. வராந்தாத் தூணைத் தடவினார். தரையில் குந்தி உட்கார்ந்து ஓடுகளின் ஓரத்தைப் பார்த்தார். சுவரோடு சேர்த்துக் கட்டிய அலமாரிகளைத் திறந்து, கீலை மோந்து பார்ப்பதுபோல் முகத்தை அருகில் கொண்டுபோனார்.

“அந்தம்மா என்ன, வீட்டைப் பார்க்குதா, பெண் பார்க்குதா?” என்று அண்ணி வாய்க்குள் சொன்னாள்.

“பெண் பார்க்க வந்தா பிஸ்கட் சாப்பிட்டிருப்பாங்க,” என்றார் பல் மருத்துவர்.

நிபுணர் தையல் அறை வாசலுக்கு வந்தார். சின்னவள் எழுந்து ஸ்டூலை நகர்த்தினாள். அவர் உள்ளே போய், மெஷினைப் பார்த்தார், முன் ஜன்னலைப் பார்த்தார், அலமாரியையும் ஒரு பார்வை பார்த்தார். “இங்கேயா தைக்கிறீங்க?” என்று கேட்டார். “ஆமாம்மா.” “வெளிச்சம் போதுமா?” முன்பு போதும்தான், பக்கத்து வாசல் திறந்திருக்கும் வரைக்கும். “சமாளிக்கிறேன்,” என்றாள். அவர் வெளியே வந்து, ஒருவழியாக அந்தக் காலி நாற்காலியில் உட்கார்ந்தார். ஹால் முழுக்க ஒரே மூச்சாக நிமிர்ந்தது.

“வீடு நல்லா இருக்கு. நல்லா வெச்சிருக்கீங்க,” என்றார். அண்ணன் முகம் மலர்ந்தது. “ஆனா நல்லா இருக்குன்னு எழுதினா குழுவுல கேட்க மாட்டாங்க. இந்தக் காலத்து பங்களா நகரத்துல இன்னும் எத்தனையோ இருக்கு. இதைவிடப் பெருசு, இதைவிட அழகு. இந்த வீட்டை எதுக்காகக் காப்பாத்தணும்னு நான் ஒரு காரணம் சொல்லணும். அதைத்தான் தேடிட்டிருக்கேன். இன்னும் முழுசாக் கையில சிக்கலை.”

மலர்ந்த முகம் வாடியது.

“அப்புறம் இன்னொண்ணு. விதியை முன்னாடியே சொல்லிடணும், அதான் முறை.” அவர் கண்ணைக் காட்ட, குறிப்பாளர் காகிதத்தைப் பார்த்துச் சொன்னார்: “பட்டியல்ல சேர்ந்தா, மதிப்பிட்ட அன்னிக்கு வீடு எப்படி இருக்கோ அப்படியே இருக்கணும். வெளிச் சுவர்ல புதுசா வாசல், ஜன்னல் எதுவும் திறக்கக் கூடாது. இருக்கிறதை அடைக்கவும் கூடாது. உரிமையாளர் மாறினாலும் இதுதான்.”

சின்னவள் அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் கூரையைப் பார்த்தார்.

‘ஏறின மறுமாசமே’ என்று சொன்னவர் விதியைப் படிக்கவில்லை. அல்லது படித்துவிட்டுச் சொல்லவில்லை. அவர் அவசரமாகக் கோப்பைப் புரட்டத் தொடங்கியதைப் பார்த்தால் முதலாவதுதான் என்று தோன்றியது. எதுவாக இருந்தால் என்ன? இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் வீடு பிழைக்கக்கூடும். அந்த வாசல் அவள் காலத்துக்கும் திறக்காது. வருகிறவர்கள் ஹாலைத் தாண்டித்தான் வர வேண்டும், இருக்கிற மிச்ச வாடிக்கையும் போகும்வரை. வாயைத் திறந்தாலோ, விண்ணப்பத்தில் பொய் எழுதியதாகி, வீடும் போகும் வாசலும் போகும். இருதலைக் கொள்ளி எறும்பு என்று பள்ளியில் படித்தபோது எறும்பைப் பற்றி அவளுக்குப் பெரிதாக வருத்தம் இருந்ததில்லை.

அண்ணி கண்ணாலேயே ‘பேசாதே’ என்றாள். ஓட்டுநர் தொப்பியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். அவர் மட்டும் மனைவியைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தார். ஆமென்றா வேண்டாமென்றா, தெரியவில்லை. அவர் இண்டிகேட்டர் போடுவதும் அப்படித்தான் என்று டிப்போவில் சொல்வார்கள்.

“அம்மா,” என்றாள் சின்னவள். “அந்த அலமாரியை நகர்த்திப் பாருங்க.”

“சின்னவளே!” என்றார் அண்ணன்.

“இல்லைண்ணே. பட்டியல்ல ஏறி நான் அந்த அறைக்குள்ள குருடு மாதிரி உட்கார்ந்திருக்கிறதுக்கு, டிப்போக்காரங்களே எடுத்துக்கட்டும். எனக்குக் கை காலு இருக்கு, வேற எங்கேயாவது ஒரு வாசல் பார்த்துக்குவேன்.” அவள் நிபுணர் பக்கம் திரும்பினாள். “அலமாரிக்குப் பின்னாடி இருக்கிற சுவரு போன வாரச் சுவரும்மா. அங்கே என் கடை வாசல் இருந்துச்சு. நீங்க வர்றீங்கன்னுதான் அடைச்சோம்.”

ஊசி விழுந்தால் கேட்கும் என்பார்கள். அந்த வீட்டில் ஊசிக்குப் பஞ்சமில்லை. அன்று ஒன்றுகூட விழவில்லை, அவ்வளவு அமைதி.

ஓட்டுநர் எழுந்து நின்றார். “தப்பு என்னுதுங்க. அவங்க யாருமில்லை. சுவரை உடைச்சு வாசல் வெச்சது நான். எழுதறதா இருந்தா என் பேரை எழுதிக்கங்க.” குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்தவர்தான்; ஆனால் பழக்கதோஷம் யாரை விட்டது? “காலைல கடப்பாறையை எடுத்தேன், மதியச் சாப்பாட்டுக்குக் கை கழுவிட்டேன்.”

“ஏங்க, இப்பவுமா?” என்றாள் சின்னவள்.

நிபுணர் கண்ணாடியை மூக்கில் ஏற்றினார். கோபமா, வேறெதுவுமா என்று பிடிபடவில்லை. “மதியத்துக்குள்ளயா? இந்த வீட்டு வெளிச் சுவரு ஒன்றரை செங்கல் கனம். சுண்ணாம்புக் கட்டு. ரெண்டு ஆளு ரெண்டு நாள் அடிக்கணும்.”

“கை அப்படிங்க,” என்றார் ஓட்டுநர் அடக்கமாக.

“அகலம் எப்படி அளந்தீங்க?”

“கண்ணளவுதான்.”

“இன்னும் நாலு விரல் அகலமா எடுத்திருந்தா மெஷினை உள்ள கொண்டு வர வசதியா இருந்திருக்குமே?”

“எடுக்கலாம்னுதான் பார்த்தேன். அங்கே கடப்பாறை இறங்கலை. கெட்டி. அந்தப் பக்கமும் அதேதான்.”

“மேல?”

“மேலயும் ஒரு உயரத்துக்கு அப்புறம் கெட்டி. சரி, இது போதும்னு நிறுத்திட்டேன்.”

“நடுவுல?”

“நடுவுல என்னங்க, வெண்ணெய்ல கத்தி இறங்கின மாதிரி…” என்று தொடங்கிய ஓட்டுநர், தம் வாயிலிருந்து வந்ததைத் தாமே கேட்டுக்கொண்டவர்போல் நின்றுவிட்டார்.

நிபுணர் எழுந்தார். “எல்லாரும் கொஞ்சம் வெளியே வாங்க.”

வீட்டுக் கேட்டிலிருந்து செங்கல் பாவிய பாதை ஒன்று உள்ளே வரும். நாலைந்து எட்டில் அது இரண்டாகப் பிரியும். ஒன்று வராந்தாப் படிக்கு. மற்றொன்று வளைந்து, வீட்டின் பக்கவாட்டில், பூந்தொட்டி வைத்த சுவருக்கு. நிபுணர் அந்த இரண்டாவது பாதையின் நடுவில் போய் நின்றார்.

“இது யார் போட்டது?”

“இது அந்தக் காலத்துப் பாதை,” என்றார் அண்ணன். “அப்பா சைக்கிள் நிறுத்துவார். சைக்கிளுக்காகப் போட்டதுன்னு சொல்லுவார்.”

“வந்ததும் நான் பார்த்தது இதைத்தான் சார். என் சர்வீஸ்ல எவ்வளவோ வீடு பார்த்தாச்சு. சுவத்துல கொண்டுபோய் முட்டுறதுக்குப் பாதை போட்ட மேஸ்திரியை இதுவரைக்கும் பார்த்ததில்லை.”

சாயம் அடித்தார்கள், அலமாரி வைத்தார்கள், தொட்டி வைத்தார்கள். தினமும் காலடியில் கிடக்கிற பாதை ஒருவர் கண்ணுக்கும் படவில்லை. அண்ணன் தம் கோப்பை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

நிபுணர் சொன்னதும் ஓட்டுநர் தொட்டிகளை ஒவ்வொன்றாக நகர்த்தினார். மண்ணும் சருகும் விலக்கியதும் அடியில் ஒரு நீளக் கல் தெரிந்தது. நிபுணர் குனிந்து கைக்குட்டையால் துடைத்தார். நடுவில் சாப்பாட்டுத் தட்டுபோலக் குழிந்து, வழவழவென்று தேய்ந்திருந்தது. பிறகு பையிலிருந்து சிறு கத்தியை எடுத்து, ஈரம் காயாத பூச்சின் மேல்பக்கத்தைச் சுரண்டினார். புதுப் பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தது. அதற்கு மேலே பழைய பூச்சு. அதையும் கொஞ்சம் சுரண்ட, குறுக்கே படுத்திருந்த ஒரு கல் உத்தரம் முகம் காட்டியது.

“இது எப்படிங்க?” என்றார் ஓட்டுநர். “நான் கல்லு எதுவும் வைக்கலையே.”

“நீங்க வைக்கலை. வீடு கட்டும்போதே வெச்சது. இது வாசலாத்தான் இருந்துச்சு. பின்னாடி யாரோ ஒத்தைச் செங்கல்ல அடைச்சிருக்காங்க. நீங்க உடைச்சது அந்த அடைப்பை.”

ஓட்டுநர் தம் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இத்தனை வருஷம் சுமந்த வீரப் பதக்கத்தை ஒரு நிமிஷத்தில் கழற்றி வாங்கிவிட்டார்கள்.

“கதவு கச்சிதமா உட்கார்ந்துச்சுன்னு சொன்னீங்களே,” என்றாள் அண்ணி ஓட்டுநரிடம், ஆறுதல்போல. “கதவு அளவுக்கே விட்ட ஓட்டைன்னா உட்காராம எங்கே போகும்?”

பல் மருத்துவர் திடீரென்று நெற்றியில் அடித்துக்கொண்டார். “எங்க வீட்டுலயும் இதே இடத்துல ஆணி நிக்கவே நிக்காது! தாடைப் படம் மாட்டினா பொத்துன்னு விழும்.” யாரும் கேட்காமலே தம் வீட்டுக்குப் போய், உள்பக்கமிருந்து சுவரைத் தட்டினார். வேலிக்கு இப்பாலும் கேட்டது: டொக், டொக், டொக், பிறகு டொம். “உள்ளே சொத்தைதான்!” என்று ஜன்னல் வழியாகச் சந்தோஷமாகக் கத்தினார்.

நிபுணர் வராந்தாப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். முதல் முறையாகச் சிரித்தார். “முதல் உலகப் போர் முடிஞ்சப்போ புருஷனைப் பறிகொடுத்த பெண்கள் இந்த நகரத்துல நிறையப் பேரு. அவங்களுக்காக ஒரு சங்கம் புறநகர்ல ஆறு வீடு கட்டிச்சு. வீட்டுக்கு ஒரு வேலை அறை, அதுக்குத் தெருவுல இருந்து தனி வாசல். ஒருத்தி தொப்பி தைப்பா, ஒருத்தி தட்டச்சு பண்ணுவா, குடும்பத்தைக் கடந்து போகாம வாடிக்கை நேரா வந்துட்டுப் போகலாம். அப்புறம் குடியிருப்பு வீட்டுல தொழில் கூடாதுன்னு ஒரு உத்தரவு வந்து எல்லா வாசலையும் அடைச்சுட்டாங்க. உத்தரவு அப்பவே காலாவதி ஆயிருச்சு. ஆனா அந்த வீடுங்க எந்தத் தெருன்னு யாருக்கும் தெரியாமப் போச்சு. கட்டவே இல்லைன்னுகூட எங்க ஆபீஸ்ல சொல்லுவாங்க.” அவர் சின்னவளைப் பார்த்தார். “நீங்க ஒருத்திதான் அந்த அறையை அது எதுக்குக் கட்டினதோ அதுக்கே வெச்சிருக்கீங்க. தெரியாமலேயே.”

சின்னவளும் படியில் உட்கார்ந்தாள். இடுப்பில் யாரோ வெகுநாளாக இறுக்கிக் கட்டியிருந்த நாடா ஒன்று அவிழ்ந்ததுபோல் மூச்சு முழுதாக உள்ளே போய் வெளியே வந்தது. “அப்போ வீடு…”

“முடிவு குழுவோடது. நான் பரிந்துரைதான் எழுதுவேன். ஆனா நான் தேடின காரணம் இதுதான். இதைவிடப் பெரிய காரணத்தோட நான் இதுவரைக்கும் குழுவுக்குப் போனதில்லை. வாசல் இருந்தா வீடு நிக்கும்.” பிறகு அவர் குரல் கொஞ்சம் இறுகியது. “ஒண்ணு சொல்றேன். அந்தப் பாதையைப் பத்தி நானே கேட்கத்தான் இருந்தேன். நீங்களா சொல்லாம, நானாச் சுரண்டிக் கண்டுபிடிச்சிருந்தா, பொய் விவரம்னு விண்ணப்பத்தையே தள்ளியிருப்பேன். விதி அப்படி. இப்போ நீங்களாவே திருத்தறீங்க. அதுக்கு இடம் இருக்கு. திருத்தக் கடிதம் ஒண்ணு எழுதுங்க. மதிப்பிட வந்தவங்க கையில வாங்கக் கூடாது, தபால்ல வரணும். இன்னிக்கே அனுப்பிட்டா நல்லது, குழு இந்த வாரமே கூடுது.”

“அந்தப் புதுச் செங்கல்லு?” என்றாள் சின்னவள்.

“எடுக்க அனுமதி வேணும்னு அதே கடிதத்துல கேளுங்க. இந்த வீட்டுல இப்ப இருக்கிற ஒரே குறை அதுதான்.”

அவர்கள் போனதும் அண்ணி பிஸ்கட் தட்டை எடுத்து, எல்லோருக்கும் முன்னால் தானே ஒன்றை வாயில் போட்டுக்கொண்டாள். காலையிலிருந்து அடக்கி வைத்த பசி. அண்ணன் மேஜையில் வெள்ளைத்தாளை வைத்து, பேனாவைத் திறந்து, ‘ஐயா’ என்று எழுதினார். அதற்கு மேல் பேனா நகரவில்லை. வாரியத்துக்கு வந்த கடிதங்களின் தவறுகளையெல்லாம் முப்பது வருஷம் பிறருக்குச் சுட்டிக்காட்டியே எழுதிப் பழகிய கை.

“‘கவனக்குறைவால்’னு போட்டுடலாம்,” என்றார் கடைசியில்.

“எது கவனக்குறைவு?” என்றாள் சின்னவள். “கொத்தனாரைக் கூப்பிட்டு, கலவை கலந்து, ரெண்டு தடவை பூசி, அலமாரியை நாலு பேரு சேர்ந்து தள்ளினதா? அவ்வளவு கவனமா இந்த வீட்டுல எதுவுமே நடந்ததில்லைண்ணே.”

“பின்ன என்னன்னு எழுதறது? புத்தி கெட்டுப்போய்னா?”

“பயந்துபோய்னு எழுதுங்க. அதுதானே நிஜம்.”

அண்ணன் பேனாவைக் கீழே வைத்தார். “எனக்கும் பயம்தாம்மா. அந்த விதியை நான் படிக்கலை. மொத்தப் புஸ்தகத்தையும் படிச்சேன், அந்தப் பக்கத்தை மட்டும் தாண்டிட்டேன் போல. நீ தலையாட்டினே, நானும் உனக்கு வாக்குக் கொடுத்தாச்சேன்னு நிம்மதியாத் தூங்கினேன்.” கண்ணாடியைத் துடைத்தார். “நீ வாயைத் திறந்தப்போ எனக்கு உயிரே போச்சு.”

“எனக்கும்தான். போனது திரும்பி வந்துருச்சில்ல, எழுதுங்க.”

எழுதினார். சுருக்கமாக, அடித்தல் திருத்தலின்றி: தாங்கள் முன்னர் அனுப்பிய விண்ணப்பத்தில் மாற்றம் எதுவும் செய்யப்படவில்லை எனக் கூறியது சரியன்று, தையல் அறைக்குரிய வாசலை, அதனால் வீடு நிராகரிக்கப்படுமோ என்று பயந்து, சென்ற வாரம் தாங்களே அடைத்தார்கள், அவ்வாசல் வீட்டோடு சேர்ந்து கட்டப்பட்டது என்பது மதிப்பீட்டின்போது தெரியவந்தது, புதிய அடைப்பை நீக்கி, அதை வாசலாகவே பதிவுசெய்ய வேண்டுகிறார்கள், அவ்வறையில் இன்றும் தொழில் நடக்கிறது.

“என்னைப் பத்தி ஒரு வரி போடலாமே மச்சான்,” என்றார் ஓட்டுநர். “உடைச்சது நான்தானே.”

“வெண்ணெய்ல கத்தி விட்டதுக்கு நகராட்சியில விருதா தருவாங்க, மாப்பிள்ளை?”

“சரி, போகட்டும். அனுமதி வந்ததும் இந்தத் தடவையும் நானேதான் உடைப்பேன். கொத்தனாரெல்லாம் வேண்டாம்.”

“தாராளமா. ஈரம் காயறதுக்குள்ள உடைச்சீங்கன்னா சாப்பாட்டுக்கு முன்னாடியே கை கழுவலாம்,” என்றாள் அண்ணி. இம்முறை ஓட்டுநரே முதலில் சிரித்தார்.

அண்ணன் கையெழுத்திட்டு, பேனாவைத் தங்கையிடம் கொடுத்தார். போன விண்ணப்பத்தில் அவர் காட்டிய இடத்தில் படிக்காமலே கையெழுத்துப் போட்டவள் அவள். இம்முறை உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாகப் படித்து, ‘தொழில் நடக்கிறது’ என்ற இடத்தில் கொஞ்சம் கூடுதலாக நின்று, பிறகு போட்டாள். மூன்றாக மடித்து உறையில் வைத்து, மூடியில் பசை தடவி, துணி மடிப்பைக் கட்டைவிரலால் தேய்ப்பதுபோல் ஓரம்வரை அழுத்தித் தேய்த்தாள்.

“நான் போய்ப் போட்டுட்டு வரேன், குடு,” என்றார் அண்ணன்.

“நானே போறேன்ணே.”

தபால் நிலையம் இரண்டு தெரு தள்ளி. வரிசையில் அவளுக்கு முன்னால் ஒருவர்தான். ஜன்னலுக்குப் பின்னாலிருந்த பெண் உறையை எடை போட்டு, பதிவுச் சீட்டை ஒட்டி, “அவசரமா?” என்று கேட்டாள்.

“ஆமா. ஆனா இப்போ அவ்வளவு பதற்றம் இல்லை,” என்றாள் சின்னவள்.

அந்தப் பெண்ணுக்கு அது புரிந்திருக்காது. முத்திரையை ஓங்கி ஒன்று குத்தி, உறையைப் பின்னால் வாய் திறந்து கிடந்த பைக்குள் வீசினாள். வண்டிக்காரர் வந்து பையின் வாயை இழுத்துக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.